தைராய்டு கட்டிக்கு எஃப்.என்.ஏ.சி.: ஊசியைவிட ஸ்லைடுதான் முக்கியம்

எஃப்.என்.ஏ.சி. என்பது மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பரிசோதனை. கழுத்தில் ஊசி என்றதுமே பயம் வலியைப் பற்றித்தான் வரும். ஆனால் இது ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. பெரும்பாலும் 25 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு; எண் கூடக்கூட ஊசி மெல்லியது). கவலைப்பட வேண்டியது, எடுத்ததில் போதுமான செல்கள் இருக்கின்றனவா என்பதைப் பற்றி.

டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட் இல்லாமல் போகாதீர்கள். அளவு குறைந்திருந்தால் முதலில் நியூக்ளியர் ஸ்கேன் எடுத்து, கட்டி ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்படிச் சுரக்கும் கட்டி புற்றாக இருப்பது அரிது. ஊசியே தேவைப்படாமல் போகலாம். பொதுவாக வெறும் வயிறு அவசியமில்லை. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தோளுக்கடியில் தலையணை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தால் அப்போதே சொல்வது நல்லது. ஊசி உள்ளே இருக்கும்போது விழுங்கவோ இருமவோ பேசவோ கூடாது. விழுங்கினால் தைராய்டு மேலே ஏறும், ஊசி கட்டியை விட்டு விலகும். எச்சிலை முன்பே விழுங்கிக்கொள்ளுங்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசியைச் சில விநாடிகள் முன்னும் பின்னும் வேகமாக அசைப்பார்கள். அழுத்தம் தெரியும், சிலருக்குக் காது வரை வலி ஓடும். வெவ்வேறு இடத்தில் 2 முதல் 5 முறை குத்துவது வழக்கம்தான்.

தைராய்டில் ரத்த ஓட்டம் மிக அதிகம். சிரிஞ்சைப் பலமாக இழுத்தால், ஊசி அதிக நேரம் உள்ளே இருந்தால், ரத்தம்தான் வரும். செல்கள் அதில் கலந்து நீர்த்துப்போகும். அதனால்தான் பலர் இழுக்காமலேயே எடுக்கிறார்கள். நீர்க்கட்டி என்றால் நீரை மட்டும் உறிஞ்சிப் பயனில்லை, திடப் பகுதியில் குத்த வேண்டும்.

எடுத்த துளியை ஸ்லைடில் (கண்ணாடித் தகட்டில்) தேய்த்து, சிலவற்றை உடனே 95% ஆல்கஹாலில் போடுவார்கள், சிலவற்றைக் காற்றில் உலர விடுவார்கள். ஆல்கஹாலுக்குப் போக வேண்டியது கொஞ்சம் காய்ந்தாலும் செல்லின் உட்கரு உப்பி மங்கிவிடும். செல்கள் போதுமா என்று அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஆள் இருக்கும் இடமாக இருந்தால், திரும்பக் குத்தும் தொல்லை குறையும். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

பிறகு 5 முதல் 10 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். லேசான நீலத்திட்டு சகஜம். கழுத்து வேகமாக வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டியதுதான்.

ரிப்போர்ட் பெதஸ்டா முறையில் (தைராய்டு செல் பரிசோதனை முடிவுகளை வகைப்படுத்தும் முறை) 6 வகைகளில் ஒன்றாக வரும். வகை 1 என்றால் 'ஒன்றுமில்லை' அல்ல, மாதிரி போதவில்லை என்று பொருள். குறைந்தது 10 செல்கள் கொண்ட 6 கூட்டங்களாவது வேண்டும் என்பதே பொது விதி. இல்லையேல் மறுபடி எடுப்பார்கள். வகை 2 தீங்கற்றது, 6 புற்று. குழப்பம் 3, 4-இல்தான். வகை 4 குறிக்கும் ஃபாலிக்குலர் கட்டி (தைராய்டின் ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வளர்வது) புற்றா இல்லையா என்பது அது தன் உறையையோ ரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. தனித்தனி செல்களில் அது தெரியாது. அறுவை செய்து எடுத்த கட்டியில்தான் தெரியும். இந்த வகைகளில் இரண்டாவது கருத்து கேட்கப் போனால் ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்.