ஜெட் திட்டத்தில் ஜப்பான் போனேன்: வகுப்பைத் தவிர மற்றதெல்லாம்

சிங்கப்பூரிலிருந்து ஜெட் திட்டத்தில், அதாவது வெளிநாட்டவரை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அழைக்கும் ஜப்பான் அரசின் திட்டத்தில், ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் எல்லாரும் வகுப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மொழி தெரியாமல் எப்படிப் பாடம் நடத்துவது, பிள்ளைகள் அடங்குவார்களா, இப்படி. வகுப்பு எப்படியோ ஓடிவிடும். முதல் சில மாதங்களில் என் நேரத்தைத் தின்றது மற்ற விஷயங்கள்தான், அதனால் அதையே எழுதுகிறேன்.

விண்ணப்பம் அப்படியொன்றும் தலைவலி இல்லை. 1987 முதல் நடக்கும் அரசுத் திட்டம், ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், உதவி ஆங்கில ஆசிரியர் வேலைக்கு ஜப்பானிய மொழி கட்டாயமில்லை. எந்த ஊர் என்பதுதான் கடைசிவரை தெரியாது. விருப்பம் கேட்பார்கள், நானும் பெரிய நகரங்களாகப் பார்த்து எழுதினேன், கிடைத்தது நீகாட்டா பக்கம் வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர்.

தோக்கியோவில் அறிமுகப் பயிற்சி முடிந்து ஊர் போய்ச் சேர்ந்ததும் காகித வேலை தொடங்கும். விமான நிலையத்தில் தரும் வசிப்பிட அட்டையை எடுத்துக்கொண்டு, வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கேதான் என் பெயர் மாட்டிக்கொண்டது. நம்மவர்கள் பலருக்கும் போல என் கடவுச்சீட்டிலும் என் பெயர், அப்புறம் 'எஸ்/ஓ', அப்புறம் அப்பா பெயர். படிவத்திலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போனது, பள்ளி முழுக்க என்னை அப்பா பெயரோடு 'சென்செய்' (ஆசிரியர்) சேர்த்துக் கூப்பிட்டார்கள், ஊரில் அப்பாவுக்கு ஒரே பெருமை. இதில் ஒன்று மட்டும் கவனம்: நகராட்சியில் எழுதிய அதே எழுத்துகளை வங்கியிலும் கைபேசிக் கடையிலும் எழுதுங்கள், ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். வங்கி தொலைபேசி எண் கேட்டது, கைபேசிக் கடை வங்கிக் கணக்கு கேட்டது. கல்வி வாரியத்தில் எனக்குப் பொறுப்பாக இருந்தவர் அலுவலக எண்ணைக் கொடுத்துத்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது.

கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான் போனபோது முதல் ஆண்டுச் சம்பளம் 33,60,000 யென், 2025-இல் அதை 40,20,000 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் முதல் சம்பளம் வருவதற்குள் வாடகை, முன்பணம், சில வீடுகளில் வீட்டுக்காரருக்குத் திரும்ப வராத 'ரெய்கின்' என்று எல்லாம் வரிசையாக நிற்கும்.

ஆகஸ்டில் பள்ளி விடுமுறை, ஆசிரியர்களுக்கு விடுமுறை இல்லை. ஆசிரியர் அறையில் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், செய்ய ஒன்றும் இருக்காது, மின்விசிறி சுற்றும். நான் அந்த நாட்களில் ஆசிரியர்கள் உட்காரும் வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லார் பெயரையும் படித்தேன். பின்னால் அதைவிட உதவியது எதுவுமில்லை.

அடுத்தது சாப்பாடு. பள்ளி மதிய உணவு எல்லாருக்கும் ஒன்றேதான், வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்ட பிள்ளைகளே பரிமாறுவார்கள், கூடவே 200 மில்லி பால். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஒவ்வாமை என்றால் அவர்களிடம் முறை இருக்கிறது, மத வழக்கம் என்றால் எந்தப் படிவத்தில் போடுவது என்று எல்லாரும் யோசித்தார்கள். துணைத் தலைமையாசிரியர் ஒருவர்தான் வழி சொன்னார். மாதத்துக்கு ஒருமுறை வரும் உணவுப் பட்டியலில் என்னென்ன சேர்கிறது என்று இருக்கும், அதை உணவுப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து பார்த்து, ஆகாத நாட்களில் சிவப்புக் கோடு போட்டு, அன்று வீட்டிலிருந்து டப்பா. ஜப்பானியக் குழம்புச் சோறான 'கரே ரைஸ்' பற்றியும் கேளுங்கள், அந்தக் குழம்புக்குப் போடும் மசாலாக் கட்டியிலேயே மாட்டுக் கொழுப்பு இருப்பது சாதாரணம். நான் டப்பா திறக்கும் நாளில் பக்கத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள், எலுமிச்சைச் சோறு பற்றி அன்று நடந்த ஆங்கில உரையாடல் எந்தப் பாடத்திலும் நடந்ததில்லை.

சரி, வகுப்பு. தொடக்கப்பள்ளியில் 45 நிமிடம். 2020 முதல் 5, 6-ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம், ஆண்டுக்கு 70 பாடவேளை. 3, 4-க்கு அதில் பாதி. வகுப்பாசிரியர்கள் பலர் நம்மையே முன்னால் நிறுத்திவிடுவார்கள். நடுநிலைப்பள்ளியில் அப்படியே தலைகீழ், ஆங்கில ஆசிரியர் கைகாட்டும்போது ஒரு பத்தியை வாசித்துவிட்டு நிற்க வேண்டியதுதான். கூடிப் பேசித் திட்டமிட யாருக்கும் நேரம் கிடையாது. இரண்டு நாள் முன்னதாக ஒரு விளையாட்டை ஒரே தாளில் எழுதி அந்த ஆசிரியர் மேசையில் வைத்துவிடுவேன், பிடித்தால் பத்து நிமிடம் தருவார். துப்புரவு நேரத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து தரை துடைத்தால் அந்தப் பத்து நிமிடம் இன்னும் சுலபமாகக் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து ஆண்டு. குளிர்காலத்திலேயே நீடிப்பதா என்று கேட்டுவிடுவார்கள். பனியில் மண்ணெண்ணெய் அடுப்பு முன் குந்தியபடி நான் கையெழுத்துப் போட்டேன். போடும் முன் ஒரு கணக்கு: போய்ச் சேர்ந்த மறு ஆண்டு ஜூனிலிருந்து குடியிருப்பாளர் வரியும் பிடிப்பார்கள், கைக்கு வருவது குறையும்.

ஏப்ரலில் பாதி ஆசிரியர்கள் இடமாற்றலில் போனார்கள், அந்தத் துணைத் தலைமையாசிரியரும்தான். நல்லவேளை, சாப்பாட்டு விவரத்தை ஜப்பானிய மொழியில் எழுதி வாங்கி வைத்திருந்தேன். புதியவர் வந்த அன்றே அந்தத் தாளை அவர் மேசையில் வைத்தேன், படித்துவிட்டு, கோழி சாப்பிடலாமா என்று மட்டும் கேட்டார்.