மூன்றாம் வரிசையில் இருந்து வந்த வசனம்

எங்கள் பழைய மாணவர் சங்கத்து மலர்க்குழு இந்த முறை "கல்லூரி நாட்களில் மறக்க முடியாத நிகழ்வு" என்று தலைப்புத் தந்து கட்டுரை கேட்டிருக்கிறது. என்னிடம் இருப்பதோ மறந்து போன நிகழ்வு. மேடையில், ஐந்நூறு பேருக்கு முன்னால், வசனம் மறந்து போனது. 1985 கலைவிழாவுக்கு வந்தவர்கள் இந்தச் சங்கத்திலேயே பத்துப் பேராவது இருப்பார்கள், அவர்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். சரி, சிரித்து முடியுங்கோ, நான் தொடங்குகிறேன்.

அந்த வருடம் நான் ஆண்டு 10. சவூதிக்குப் போன மாமா கொண்டு வந்து தந்த ரேப் ரெக்கோடர் ஒன்று வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணரிடம் நடிகர் கே. எஸ். பாலச்சந்திரனின் "அண்ணை றைற்" கசற் இருந்தது. ஒரு கிழமை என்று சொல்லி இரவல் வாங்கி, இரண்டு மாதம் வைத்திருந்தேன். ஒரு வரி கேட்பது, நிறுத்துவது, சொல்லிப் பார்ப்பது, திரும்பச் சுற்றுவது என்று பாடமாக்கினேன். சுற்றிச் சுற்றி நாடா ஒரு நாள் உருளையில் சிக்கிக்கொண்டது. அதை இழுத்தெடுத்து பேனையை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றிச் சரிக்கட்டிய கதை அந்த அண்ணருக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசித்தால் தெரியும்.

பிற்பாடு பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். "அண்ணை றைற்" ஒரு தனிநடிப்பு. மேடையில் ஒரே ஒரு ஆள், யாழ்ப்பாணத்து பஸ் கொண்டக்டர். பஸ் இல்லை, சாரதி இல்லை, பயணிகள் இல்லை. பஸ்ஸை எடுக்கச் சொல்லி சாரதிக்கு கொண்டக்டர் கொடுக்கிற குரல்தான் "அண்ணை, றைற்!" பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் 750 பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கிப் போனவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஏற்கனவே மூச்சு விட இடமில்லாத பஸ்ஸில் "பின்னுக்கு இடம் கிடக்கு, இறங்கிப் போங்கோ" என்று கூசாமல் சொல்லும் அந்த மனிதரை நாங்கள் தினமும் பார்த்தோம், மிச்சக் காசுக்காகச் சண்டை பிடித்தோம். அவரிடம் ஒரு நாடகம் இருக்கிறது என்று ஒருவருக்கும் படவில்லை.

பாலச்சந்திரனுக்குப் பட்டது. அவர் 1944இல் கரவெட்டியில் பிறந்தவர். எங்கள் அம்மாவின் வயதுக்காரருக்கு அவரை முதலில் தெரிந்தது கண்ணால் இல்லை, காதால். எழுபதுகளில் சில்லையூர் செல்வராசன் எழுதிய "தணியாத தாகம்" இலங்கை வானொலியில் தொடராகப் போனது. அதில் சோமு என்ற பாத்திரம் பாலச்சந்திரன். அந்த நேரத்துக்கு அம்மா அரிக்கன்சட்டியை இறக்கி வைத்துவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். ஒழுங்கையால் போனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதே குரல் கேட்கும், நடந்துகொண்டே முழு நாடகத்தையும் கேட்கலாம். சோமுவுக்கு ஒரு துன்பம் என்றால் எங்கள் வீட்டில் அன்றைக்கு இரவு ஒருவரும் சத்தமாகக் கதைக்கக் கூடாது. பிறகு அவரே "கிராமத்துக் கனவுகள்", "வாத்தியார் வீட்டில்" என்று வானொலிக்கு எழுதவும் செய்தார். வாத்தியார்கள் நிறைந்த ஒரு ஊரில் வாத்தியார் வீட்டை வைத்துப் பகிடி எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

அந்தத் துணிவு எங்கள் கலைவிழாப் பொறுப்பாசிரியரிடம் இருக்கவில்லை. (பெயர் வேண்டாம். நல்ல மனிதர், எனக்குத் தமிழ் இலக்கணத்தைப் பயமில்லாமல் படிப்பித்தவர்.) நான் போய்க் கேட்டபோது மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "கொண்டக்டர் பாசையெல்லாம் பள்ளிக்கூட மேடைக்குச் சரிவராது" என்றார். அந்தக் காலத்து எங்கள் மேடை அப்படித்தான். காட்போட் முடி, சாக்கு மூட்டைச் சிம்மாசனம், "யாரங்கே" என்று கூப்பிடும் அரசன். வீட்டில் "என்ன செய்யிறாய்" என்று கதைக்கிற பொடியன் மேடையில் ஏறினதும் "என்ன செய்கின்றாய்" என்று அலறுவான். நாங்கள் கதைக்கிற கதை நாடகத்துக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம்.

இதிலே எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று இருக்கிறது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழில் நாடகங்கள் எழுதி, "நானாடகம்" என்ற பெயரில் 1940இலேயே புத்தகமாக அச்சில் கொண்டுவந்துவிட்டார். அவர் பிறந்த ஊர் புலோலி, கரவெட்டிக்குக் கூப்பிடு தூரம். பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியர் செய்ததை நாற்பத்தைந்து வருடம் கழித்து ஒரு ஆண்டு 10 பொடியன் செய்யக் கேட்டதற்கு, பாசை சரியில்லையாம்! இதெல்லாம் அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் வாதாடியிருப்பேன். தெரியவில்லை, ஆகவே அழுதேன். அழுகை வேலை செய்தது. சரித்திர நாடகத்தில் அரண்மனையைச் சிறைச்சாலையாக மாற்றுவதற்குப் பத்து நிமிடம் வேண்டும், அந்தப் பத்து நிமிடம் மூடிய திரைக்கு முன்னால் நின்று என்னவாவது செய் என்று விட்டார்கள்.

காக்கிக் காற்சட்டை தம்பியுடையது, இறுக்கம். தோளில் ஐயாவின் தோல்பை. தொடக்கம் பிரமாதம். முதல் குரலுக்கே மண்டபம் வெடித்தது. அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. கசற்றோடு பழகிய எனக்கு வரிக்கு அடுத்து வரிதான் வரும், சிரிப்பு எங்கே வரும் என்று தெரியாது. சிரிப்பு ஓயும்வரை நின்றேன், ஓய்ந்ததும் அடுத்த வரி போய்விட்டது. வெறும் வெள்ளை. திரைக்குப் பின்னால் யாரோ சிறைச்சாலைக் கம்பியை விழுத்துகிற சத்தம் மட்டும் கேட்கிறது. அப்போது மூன்றாம் வரிசையில் இருந்து ஒரு ஐயா, வெற்றிலை வாயோடு, அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தார். நான் அதைச் சொன்னேன். அதற்கடுத்ததை ஐந்தாம் வரிசையில் ஒரு அக்கா சொன்னார். பிறகு யார் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை, மண்டபம் முழுக்க எனக்கு முன்னாலேயே சொல்கிறது. எல்லாருக்கும் பாடம்! கடைசியில் பொடியங்கள் வாங்குக்கு அடிக்கத் தொடங்க, நான் மேடையை விட்டு இறங்கி ஓடினேன். பொறுப்பாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவரும் சிரித்ததைப் பார்த்ததாக மூன்று பேர் சத்தியம் செய்கிறார்கள்.

நாடகத்தை மட்டும் நம்பி அன்றைக்கு இலங்கையில் ஒரு தமிழ் நடிகரின் வீட்டில் உலை வைக்க முடியாது. ஈழத்துத் தமிழ்ப் படங்களும் எண்ணிப் பார்க்கக்கூடிய தொகைதான். செங்கை ஆழியானின் நாவலை வைத்துப் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய "வாடைக்காற்று" 1978இல் வந்தது, அதில் பாலச்சந்திரன் நடித்தார். நெடுந்தீவுக்கு வாடை பிறக்கிற காலத்தில் வாடியடிக்க, அதாவது கரையில் கொட்டில் போட்டுத் தங்க, வருகிற மீனவர்களின் கதை. சென்னைப் படங்களில் ஊறிய எங்களுக்கு, திரையில் நம் பேச்சைக் கேட்பதே கூச்சமாக இருந்தது என்று ஐயா சொல்வார். ரூபவாகினி 1982இல் வந்தபோதும் தமிழுக்கு அதில் கிடைத்தது கொஞ்ச நேரம். நடிப்பவனுக்கு வானொலி, மேடை, கசற் மூன்றையும் விட்டால் போக்கிடம் இல்லை.

கசற் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தொண்ணூறுகளில்தான் பார்த்தோம். நான் வெளியேறிவிட்டேன், தம்பி ஊரில். யுத்த காலம், மின்சாரம் கிடையாது, பற்றறிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசற் கேட்டதாகக் கடிதம் எழுதினான். கை களைத்தால் நாடா மெதுவாகுமாம், கொண்டக்டரின் குரல் கரடி உறுமுவதுபோல ஆகுமாம், வேறொருவன் வந்து பெடலைப் பிடித்தால் பஸ் திரும்ப வேகமெடுக்குமாம். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பிறகு அவரும் கனடாவுக்கு வந்து சேர்ந்தார். ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் அவர் "அண்ணை றைற்" செய்தபோதுதான் முதன்முறையாக அதைக் கண்ணால் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக ஒருவரைக் கேட்டிருக்கிறேன், ஒரு முறையும் பார்த்ததில்லை, நினைத்துப் பாருங்கள். நான் 1985இல் எங்கே பிழை விட்டேன் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. கசற்றில் நான் பாடமாக்கியது அவர் பேசிய பேச்சை. மேடையிலோ அவர் பேசாமல் நிற்கிற இடங்களில்தான் பயணிகள் இருந்தார்கள். ஒருவரைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார், அந்த ஆள் சொல்கிற மறுமொழி அவர் முகத்தில் ஓடும், பார்வை இறங்குகிற உயரத்தை வைத்து அது சின்னப்பிள்ளையா கூனல் ஆச்சியா என்று நமக்குத் தெரிந்துவிடும். கால் இரண்டும் எப்போதும் ஓடுகிற பஸ்ஸில்தான் நின்றன, ஒரு கணமும் மண்டபத்து நிலத்தில் நிற்கவில்லை. சிரிப்பு வந்தால் அதையும் ஒரு பயணி ஏறுகிற மாதிரி ஏற விட்டு, பிறகுதான் பஸ்ஸை எடுப்பார். முடிந்ததும் பின்பக்கம் போய்க் கதைக்கலாம் என்று எழும்பினேன். என்ன சொல்வது? உங்கள் வசனத்தை மறந்தவன் நான்தான் என்றா? வரிசை வேறு நீளமாக இருந்தது. பார்க்கிங்குக்குப் போய்விட்டேன். அந்த வெட்கத்துக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்வது உண்டு.

தொலைக்காட்சியில் அவர் விரும்பின மாதிரி விளையாட இடம் கிடைத்தது இங்கேதான் என்பது என் எண்ணம். ரிவிஐ என்ற கனடாத் தமிழ்த் தொலைக்காட்சியில் வந்த "வை.ரி. லிங்கம் ஷோ"வை இரண்டு வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை, மனைவி வீடியோவில் பதிந்து வைப்பார், ஞாயிற்றுக்கிழமை இருந்து பார்ப்போம். ஊரில் கொண்டக்டரைப் பார்த்த அதே கண்தான் இங்கே எங்களைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் உதறல், எந்தக் கிழமை நான் திரையில் வரப்போகிறேனோ என்று. இங்கே எடுத்த தமிழ்ப் படங்களிலும் நடித்தார். 2009இல் "கரையைத் தேடும் கட்டுமரங்கள்" என்று கடற்கரை மக்களைப் பற்றி ஒரு நாவல், அதற்குப் பிறகு "நேற்றுப் போல இருக்கிறது" என்று தன் நினைவுகள். நகைச்சுவை நடிகர் என்று அவரை ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்திருப்பவர்கள் அந்த நாவலைத் தேடி வாசிக்கவேணும். அதிலே சிரிப்பதற்கு அதிகம் இல்லை.

2014 பெப்ரவரி 26ஆம் திகதி ரொறன்ரோவில் காலமானார். அறுபத்தொன்பது வயது. எனக்குத் தமிழ் வானொலியில்தான் தெரியவந்தது, வேலைக்குப் போகிற வழியில். அம்மாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆர், சோமுவோ?" என்று கேட்டார்.

அன்றிரவு மகனைக் கூப்பிட்டு இணையத்தில் இருந்த "அண்ணை றைற்" காணொளியைப் போட்டுக் காட்டினேன். கொண்டக்டர் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது, இங்கத்தைப் பஸ்ஸில் அப்படி ஒருவர் இல்லையே. ஏன் சாரதியே காசு வாங்கக் கூடாது, ஏன் அவ்வளவு பேரை ஏற்றினார்கள், கதவு ஏன் பூட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்தி விளக்கியதில் பகிடி செத்துவிட்டது. நான் கைவிடப் பார்த்த நேரம் அவன், "அந்தக் கிழவி இறங்கிவிட்டாவா?" என்று கேட்டான். திரையில் கிழவி ஒருவரும் இல்லை.

இந்த வருட இராப்போசன விருந்தில் என்னை "அண்ணை றைற்" செய்யச் சொல்லிச் செயலாளர் கேட்கிறார். முப்பது நிமிடம் தருகிறார்களாம், திரைக்கு முன்னால் இல்லை, முழு மேடையும். மூன்றாம் வரிசையில் வசனம் தெரிந்த ஒரு ஆளை இருத்துவீர்களா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.