நாய் வில்லை என்று நினைத்தேன்

"யார் வீட்டு நாயோடது மாமா இது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் இருக்கும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் லீக்ஸ் போடக் கொத்திக்கொண்டிருந்தபோது மண்வெட்டியில் தட்டிய தகடு அது. வட்டம். மேலே ஒரு ஓட்டை. மண்ணைத் தட்டிப் பார்த்தால் ஒரு ஆங்கில எழுத்தும் மூன்று இலக்கமும். நடு இலக்கம் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. நாய்க் கழுத்தில் கட்டும் வில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். மாமா வாங்கி, சாரத்தில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாய்க்கு இல்லம்மா. நம்ம ஆளுங்க கழுத்துல கட்டினது."

1900களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடாம், தகர டிக்கெட். எழுத்து எந்த மாவட்டம் என்பதற்கு, எண் எந்தத் தோட்டம் என்பதற்கு. பெயருக்கு அதில் இடமில்லை. கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடித்து இதைக் கொடுத்துவிட்டால் போதும். அக்கரையில், தமிழ்நாட்டு மண்டபம் முகாமில் தகட்டைப் பார்த்தே எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று பிரித்து அனுப்பிவிடுவார்கள். வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் எழுதப்பட்டு, கடைசியில் சுற்றிச் சுழன்று அந்த ஆளின் தலையிலேயே கடனாக ஏறும். மாமாவுக்கு இதெல்லாம் அவருடைய அப்பாயி சொன்னது.

எனக்குச் சுருக்கென்றது நாய் விஷயம் மட்டும் இல்லை. நான் தமிழ்நாட்டுத் துறையூரிலிருந்து கல்யாணமாகித் தலவாக்கலைப் பக்கம் வந்து மூன்று வருடம் ஆகிறது. இன்னும் ஒருவர் வாயிலும் என் பெயர் வரவில்லை. கடையில் "இந்தியாக்கார புள்ள". தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் "இந்தியாக்காரி". கோயில் திருவிழாவில் கணக்கு எழுதுகிற தம்பி, நோட்டிலேயே "இந்தியா அக்கா – 500" என்று எழுதி வைத்திருக்கிறான். என் அம்மாயி இந்த மலையில் பிறந்தவர். 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கணக்குப் போட்ட ஐந்தேகால் லட்சம் பேரில் ஒருவராகக் கப்பலேறினார். அங்கே சாகிறவரை அவருக்குப் பெயர் "சிலோன்காரம்மா". எங்கள் குடும்பத்துக்கே இது ஒரு ராசி போலிருக்கிறது.

கூத்து என்னவென்றால், இந்த லயத்தில் பாதிப் பேர் "நாங்க துறையூரு பக்கம்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். துறையூர் பஸ் ஸ்டாண்டை ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்தவள் இந்தியாக்காரி!

சரி. அந்தத் தகட்டுக்குப் பிறகு எனக்குக் கொத்துவதே ஒரு பைத்தியமாகிவிட்டது. உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி வைத்துக்கொண்டேன். ஒட்டினால் இரும்பு, பெரும்பாலும் மாட்டுவண்டிப் பட்டையோ, தேயிலைச் செடியைக் கழிக்கும் தேய்ந்த கவ்வாத்துக் கத்தியோ. ஒட்டாமல் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் செம்பு, பித்தளை. அப்படிக் கிடைத்த ஒரு செப்புக் காசை நம் வீட்டு வழக்கப்படி புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. நடுவில் பனை மாதிரி ஒரு மரம், சுற்றிலும் எழுத்து. ஆண்டு மட்டும் புளியோடு போய்விட்டது. குத்துவிளக்குக்குச் செய்வதைப் பழங்காசுக்குச் செய்யக் கூடாது என்று யாராவது சொல்லித் தந்திருக்கலாம்.

இன்னொன்று, என் கை நீளத்துக்கு இரும்புக் கொக்கி. மேல் வளைவின் உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. கறிக்கடைக் கொக்கி என்றேன். கத்தரிக்காய் தூக்குவது என்றார் கணவர். அவருக்குத் தெரியாது என்பதை அப்படித்தான் சொல்வார். மாமாதான் விரலை அந்த வளைவில் ஓட்டிப் பார்த்து, மேல் மலையிலிருந்து கொழுந்து மூட்டையைக் கம்பியில் சறுக்கிவிடும் கொக்கி என்றார். கம்பி உரசி உரசி வந்த வழவழப்பு அது.

ஊரில் தம்பிக்குப் போட்டோ அனுப்பினேன். "அக்கா, மெட்டல் டிடெக்டர் ஒண்ணு வாங்கி அனுப்புறேன், புதையலே எடுக்கலாம்" என்றான். கணவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். இங்கே தொல்பொருள் சட்டம் 1940லிருந்தே இருக்கிறது. அனுமதி இல்லாமல் பழம்பொருள் தேடித் தோண்டினால் குற்றம். புதையல் தோண்டியவர்களை டிடெக்டரோடு பிடித்தார்கள் என்று அடிக்கடி செய்தி வரும். "லீக்ஸுக்குக் கொத்து. அதோட நிறுத்து" என்றார். நானும் நிறுத்திவிட்டேன், ஏறக்குறைய.

மற்றபடி எனக்கு இங்கே எல்லாம் பழகிவிட்டது. பாண், சம்பல், போஞ்சி, "கதைக்கிறேன்" எல்லாம் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. விடியற்காலைக் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போதும். ஆனால் அந்தக் காசைத் தேய்த்த புளி வாசனை இருக்கிறதே, அதில் சித்திரை வெயிலில் அம்மா திண்ணையோரம் உட்கார்ந்து குடம் விளக்குவது அப்படியே வந்துவிட்டது. சாம்பலும் புளியும் கலந்த அந்தப் பழுப்புத் தண்ணீர் வாசல் கோலத்தைத் தொடும் முன்பே காய்ந்துபோகும். இங்கே துவைத்துப் போட்ட துணி காய மூன்று நாள்.

தகட்டை மாமா பிஸ்கட் டின்னில், பிறப்புச் சான்றிதழ்களோடு போட்டு வைத்திருக்கிறார்.

மறுநாள் பீலிக்கரையில் வழக்கம்போல நெருக்கடி. பின்னாலிருந்து ஒரு அக்கா, "ஏ இந்தியாக்காரி, கொடத்த எடேன்" என்று கத்தினார். உங்க வீட்டுத் தகரம் எங்கக்கா என்று கேட்க வாய் வரை வந்தது. குடம் வழிந்துகொண்டிருந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன்.