டிராகன் இல்லாத சைனீஸ் கடை

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் திறக்கப் போகும் ஒரு சைனீஸ் சாப்பாட்டுக் கடைக்கு உள்அலங்காரமும் லோகோவும் நான்தான் செய்கிறேன். முதலாளி அண்ணா முதலில் கேட்டது சிவப்புச் சுவர், தங்க டிராகன், தூரிகையால் இழுத்த மாதிரி கூர்கூரான ஆங்கில எழுத்து. அந்த எழுத்து சீனாவில் பிறந்ததே இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருந்த ஓர் அச்செழுத்து வார்ப்பகம் 1883இல் வெளியிட்டதுதான் அதன் முன்னோடிகளில் ஒன்று. சொன்னேன். "சரி தம்பி, டிராகனையாவது வைங்க" என்றார். வைக்கவில்லை.

பதிலுக்குத் தேயிலை. 1824இல் பேராதனைப் பூங்காவுக்குத் தேயிலைச் செடி சீனாவிலிருந்துதான் வந்தது. நம்ம மலைக்கும் அந்தச் சமையலுக்கும் இதைவிடப் பெரிய உறவு எதற்கு? இரண்டு இலை, ஒரு மொட்டு, கீழே கிண்ணத்தின் வளைவு. லோகோ முடிந்தது. சுவர் கரும்பச்சை, சிவப்பு வாசற்கதவுக்கு மட்டும்.

உள்ளே வேலை வாங்குவது ஈரம். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ஓரத்தில் ஊதி அடுக்கடுக்காகப் பிரியும், காகித விளக்கில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் மேசைக்கு யூக்கலிப்டஸ் மரம், விளக்குக்கு ஓட்டை போட்ட தகரக் கூடு. பல்ப் 2700 கெல்வின் மஞ்சள். வெள்ளை டியூப் லைட்டில் ஹொட் பட்டர் கணவாய்கூட காய்ச்சல்காரன் மாதிரி வெளிறித் தெரியும்.

பெயர்ப்பலகையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே உயரம். தமிழை மூலையில் பொடியாகப் போடும் வழக்கம் இந்தப் பலகையில் கிடையாது. 'ஞ', 'ணை' எல்லாம் தூரத்தில் அடைபடாமல் இருக்க எழுத்தின் தடிப்பைக் குறைத்திருக்கிறேன்.

அப்புறம், மெனுவில் நம்ம ஊர் சைனீஸ் கடைகளின் சொப்சி ரைஸ் உண்டு. "அது சீனச் சாப்பாடா?" என்று சண்டைக்கு வராதீர்கள்.