பத்தரை மணித் தேநீரும் ஒரு முறைப்பெயரும்

கொழும்புக் கோட்டையில், யோர்க் வீதியிலிருந்து சற்று உள்ளே இருந்த ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் 1999ஆம் ஆண்டு நான் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்ச் சேர்வதே அந்நாட்களில் பாதி நாள் உழைப்பைத் தின்றுவிடும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, அலுவலக அட்டை மூன்றையும் கைப்பையின் ஒரே அறையில் வைத்திருப்பேன். எந்தச் சோதனைச்சாவடியில் எதைக் கேட்பார்கள் என்று தெரியாது. 1996 ஜனவரியில் மத்திய வங்கியிலும், 1997 ஒக்டோபரில் உலக வர்த்தக மையத்தின் அருகிலும் குண்டுகள் வெடித்த பின்னர், கோட்டைக்குள் நடந்துபோகும் தமிழ்ப் பெண்கள் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்ளப் பழகியிருந்தோம். அப்படிக் கூனிக் குறுகி அலுவலகக் கதவைத் திறந்த ஒரு காலையில், எதிர் மேசைக்காரர் தலையை நிமிர்த்திப் பார்த்து, “இன்றைக்கு லைட் போடத் தேவையில்லை போல இருக்கிறதே” என்று சிங்களத்தில் சொன்னார். நான் மஞ்சள் சேலை கட்டியிருந்தேன். பிரிவில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அரை மணி நேரத்துக்கு முன்னர் ஒரு சிப்பாயின் கையில் வெறும் அட்டையாக இருந்த நான், அந்த ஒரு வரியில் மறுபடியும் ஓர் ஆளாக மாறினேன்.

ஆகவே, வேலைக்கு வந்தால் வேலையை மட்டும் பார்க்கவேண்டும், ஆணும் பெண்ணும் சிரித்துப் பேசினால் அது எங்கேயோ போய் முடியும் என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிந்ததில்லை. சரக்கை விடுவிக்கும் டெலிவரி ஓடர்கள் நாற்பதை ஒரு நாளில் சரிபார்த்து, எதிரே காத்துநிற்கும் துறைமுகக் கிளார்க்குகளின் பொறுமையின்மையையும் தாங்கிக்கொள்ளும் மனிதருக்கு, பத்தரை மணித் தேநீரோடு வரும் ஓர் இனிய சொல் வெறும் பொழுதுபோக்கு அல்ல. நான் திருத்தமாக வேலை செய்த ஆண்டுகள் எவை என்று திரும்பிப் பார்த்தால், அவை நான் அதிகம் சிரித்த ஆண்டுகளாகவே இருக்கின்றன.

இந்தப் பேச்சுக்கு எங்களிடம் பொருத்தமான ஒரு சொல் இல்லை. பகிடி என்போம், பம்பல் என்போம். கொஞ்சம் மிஞ்சினால் “அவன் சுழட்டுறான்”, அதாவது பெண்ணை மயக்கப் பார்க்கிறான், என்று கதை கட்டிவிடுவோம். பகிடிக்கும் சுழட்டலுக்கும் நடுவே, எதையும் எதிர்பாராமல் ஒருவரையொருவர் அழகாக உணரவைக்கும் பேச்சு ஒன்று இருக்கிறது. சரசம் என்று எழுதினால் அது வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் சொல் இல்லாவிட்டாலும் இடம் இருந்தது. யாரோடு இப்படிப் பேசலாம் என்பதை எங்கள் ஊரில் முறைதான் தீர்மானிக்கும். அண்ணன் முறையானவரோடு அடக்கமாகப் பேசவேண்டும். மச்சான் முறையானவரோடு வாய்க்கு வாய் கொடுக்கலாம், பெரியவர்கள் கேட்டும் கேளாதவர்கள் போல இருப்பார்கள். சிங்களத்திலும் இதே ஒழுங்குதான் இருக்கிறது: மாமன் மகளும் மாமி மகளும் நேனா, அவர்களின் மகன்மார் மஸ்ஸினா; சித்தப்பா மகள் நங்கி, அதாவது தங்கை. கொழும்பு அலுவலகங்களிலோ எல்லோரும் அக்கா, நங்கி, மல்லி (தம்பி), அண்ணா என்றே அழைக்கப்படுகிறோம். ஆண்கள் மட்டும் இனம் மொழி பாராமல் ஒருவரையொருவர் “மச்சான்” என்கிறார்கள். பெண்ணை எவரும் “மச்சாள்” என்பதில்லை. பகிடிக்கு உரிமையுள்ள முறையை வெளியே விட்டுவிட்டு, அடக்கத்துக்குரிய முறையை மட்டும் நாங்கள் அலுவலகத்துக்குள் கொண்டுவந்திருக்கிறோம். அதை ஒரு நல்ல வேலி என்றே இன்றும் கருதுகிறேன்.

அந்த வேலியை எதிர் மேசைக்காரர் ஒரே ஒரு முறைதான் தாண்டினார். 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறக்கப்பட்ட பின்னர், பல ஆண்டுகளுக்குப் பிறகு தரைவழியே கொழும்புக்கு வந்த என் பெரியம்மா, பனங்கட்டிக் குட்டான்கள், அதாவது ஓலைக் கூட்டில் இறுகிய பனங்கருப்பட்டிகள், இருபதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவற்றில் ஐந்தைத் தேநீர் மேசையில் வைத்தேன். கேகாலைக்காரரான எதிர் மேசைக்காரர் வீட்டிலிருந்து கொண்டுவரும் கித்துள் மரத்துக் கருப்பட்டிதான் அதுவரை எங்கள் பிளேன்டீக்குத் துணை. குட்டானின் ஓலையைப் பிரித்து, கட்டியைக் கடைவாயில் வைத்துக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு, பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக, “கடிக்கிறது கஷ்டம். கடிச்சாப் பிறகு விடுறது அதைவிடக் கஷ்டம். நேனா கொண்டுவந்ததெல்லோ” என்றார். நான் உடனே, “மஸ்ஸினாவின் கருப்பட்டி வாயில் வைத்ததும் கரைந்துவிடுகிறது, அதை எப்படி நம்புவது” என்று சிங்களத்தில் திருப்பிக் கொடுத்தேன். மேசையைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அன்றிலிருந்து நான் நேனா.

அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். எனக்கு அடுத்த ஆண்டு திருமணமாயிற்று, பனங்கட்டிக் கதை என் கணவருக்கும் தெரியும். நாங்கள் வெளியே சந்தித்ததில்லை, இரவில் தொலைபேசியில் பேசியதில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் பிரிவு முழுவதுக்கும் கேட்கும்படியாகவே சொல்லப்பட்டது. இப்போதுள்ள இளையவர்களிடம் நான் கவலையோடு பார்ப்பது இந்த இடத்தைத்தான். பத்தரை மணிக்கு ஏழு பேர் முன்னிலையில் சொன்னால் இனிக்கும் ஒரு வாசகம், இரவு பத்தரைக்கு ஒருத்தியின் வட்ஸ்அப்பில் தனியே வந்து விழும்போது அதே வாசகமாக இருப்பதில்லை.

அவரிடம் நான் கற்ற பெரிய பாடம் பேசுவதில் இல்லை, நிறுத்துவதில் இருந்தது. என் அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் சுகவீனம் கடுமையாகிவிட்டது என்ற செய்தி வந்த நாளில், எதையும் சொல்லாதிருந்த என் முகத்தைப் பார்த்தே அவர் பகிடியை விட்டார். தேநீரை என் மேசைக்குக் கொண்டுவந்து, கோப்பையின் பிடி என் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

2009இல் நான் பிரிவுத் தலைவியானேன். அடுத்த திங்கட்கிழமை அவர் என்னை “மிஸ்” என்று அழைத்தார். முதலில் கேலி என்று நினைத்தேன். வாரம் முடிந்தபோதும் மிஸ்தான். எனக்கு உண்மையிலேயே மனம் நொந்தது; பதவி உயர்வு என் நண்பருக்குப் பொறாமையைக் கொடுத்துவிட்டதோ என்றுகூட எண்ணி, நேரடியாகவே கேட்டேன். “இப்போது என் லீவுக்குக் கையெழுத்து வைப்பது நீங்கள்” என்றார் அவர். “நான் பகிடி விட்டு நீங்கள் சிரித்தால், என் சம்பள உயர்வை மற்றவர்கள் அந்தச் சிரிப்போடு சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள். நீங்கள் பகிடி விட்டால், எனக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றே முழுமையாக விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். விளங்கிக்கொள்ளவில்லை. அதன் விலையை வேறொருத்தி கொடுத்தாள்.

2013இல் எங்கள் பிரிவுக்கு ஒரு பயிலுநர் வந்தாள். மட்டக்களப்புப் பிள்ளை, இருபத்திரண்டு வயது. எங்களுக்கு மேலே இருந்த முகாமையாளர் காலையில் எங்கள் வரிசையைக் கடக்கும்போதெல்லாம் அவளுடைய உடுப்பைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் ஏதாவது சொல்வார். கொச்சையாக எதுவும் இல்லை. ஒரு நாள் “நீர் வந்தால் ஏசி வேலை செய்யாத குறை தெரியுதில்லை” என்றார். பிள்ளை சிரித்தாள். எனக்கு என் மஞ்சள் சேலைக் காலை நினைவு வந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதே மாதிரியான வாசகம், அதே மாதிரியான சிரிப்பு என்ற ஒற்றுமை என் கண்ணை மூன்று மாதங்கள் மறைத்துவிட்டது.

கண்ணைத் திறந்தது ஒரு கோப்பை. எல்லோரும் பத்தரைக்குத் தேநீர் மேசைக்குப் போக, அந்தப் பிள்ளை பத்து மணி பத்து நிமிடத்துக்கே தன் நீலக் கோப்பையோடு எழுந்துபோய், ஊற்றிக்கொண்டு, அவசரமாகத் திரும்பி வருவதைக் கவனித்தேன். முகாமையாளர் தேநீருக்கு வருவது பத்தரைக்கு. பிறகு இன்னொன்றையும் கவனித்தேன்: அவருடைய காலடி கேட்டதும், அவள் கதிரையின் முதுகில் தொங்கும் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் சிரித்தாள்.

அன்று மாலை கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு அவளோடு ஒரே ரயிலில் போனேன். கொம்பனித்தெரு தாண்டிக் கடல் தெரியத் தொடங்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டபோது அவள் கடலைப் பார்த்தபடியே சொன்னாள்: “நான் சிரிக்காட்டி அவர் என்ன நினைப்பாரோ எண்ட பயத்தில சிரிக்கிறன் அக்கா. நீங்களும் சிரிச்சீங்கதானே? அதனால இது இங்க வழமையாக்கும் எண்டு நினைச்சிட்டன்.”

1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பின்னர், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவை, ஐந்து ஆண்டுகள்வரை சிறை விதிக்கக்கூடிய குற்றமாக்கியிருக்கிறது; பணியிடத்தில் அதிகாரத்தில் உள்ளவர் சொல்லால் செய்யும் விரும்பப்படாத பாலியல் அணுகலும் அதற்குள் அடங்கும். முகாமையாளர் சொன்னவை அந்த அளவுக்கு வருமா என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அதிகாரத்தில் உள்ளவர் என்று சட்டம் தனியே பிரித்துச் சொல்வதன் காரணம் எனக்கு அந்த ரயிலில்தான் விளங்கியது. விருப்பமில்லை என்பதை மேலதிகாரி காதுபடச் சொல்லமுடியாத ஒருவர் அதைச் சிரிப்பாகத்தான் சொல்வார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று படிப்பது மேலே இருப்பவருக்கு மிக வசதியானது.

மறுநாள் முகாமையாளரிடம் போனேன். “பகிடிக்குத்தானே சொன்னேன்” என்றார், உண்மையிலேயே திகைத்துப்போய். பகிடி விடுவதை அவர் நிறுத்தினார். அவளோடு பேசுவதையும் நிறுத்தினார். அவளுடைய நிரந்தர நியமனக் கடிதம் இரண்டு மாதம் பிந்தியது. கடிதம் வந்த பின்னர் அவள் ராஜகிரியவில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். முதல் வாரத்திலேயே நான் சிரிக்காமல் இருந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

அதன் பிறகு பத்தரை மணிக்கு என் கோப்பையை நிரப்பிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். வெளியே பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டிச் சிரிப்பது கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்கும். சில நாட்களில் எழுந்துபோய்ச் சேர்ந்துகொள்ள ஆசையாகவும் இருக்கும். போவதில்லை.

எதிர் மேசைக்காரர் 2018இல் 55 வயதில் ஓய்வுபெற்றார். கேக் வெட்டி, உரைகள் முடிந்து, கீழே வரவேற்பு மேசையில் தன் அலுவலக அட்டையை ஒப்படைத்துக் கையெழுத்திட்டார். நான் வாசல்வரை கூடப் போயிருந்தேன். படியிறங்கப் போனவர் திரும்பி, காவலாளிக்கும் வரவேற்பாளருக்கும் கேட்கும்படியாக, “இனி என் லீவுக்கு உங்கள் கையெழுத்து வேண்டாம், நேனா” என்றார்.