மணியடிச்சான் பாறையில் ஒரு காலை

இருபது ஆண்டுகளாகப் பாடற்குழுவில் பாடுகிறேன். திருப்பலி முடிந்ததும் ஆலயப் படியருகே சற்று மெதுவாக நடப்பது என் வழக்கம். பாட்டு நன்றாக இருந்தது என்று யாராவது சொல்லிவிட்டால் அந்த வாரம் முழுவதும் மனம் நிறைந்திருக்கும், ஒருவரும் சொல்லாவிட்டால் எங்கே பிசகினேன் என்று இரவு வரை தேடிக்கொண்டிருப்பேன். இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் சொன்னதில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாய் காற்றுக்குப் பேர்போனது. சேலைத் தலைப்பை இறுகச் செருகிக்கொண்டுதான் காற்றாடிமலையில் ஏறினேன். 1752 ஜனவரி 14 அன்று புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. பத்மநாபபுரம் அரண்மனையில் மதிப்புள்ள அலுவலராக இருந்த நீலகண்டன், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவராகித் தேவசகாயம் ஆனார். குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்பு திருவிதாங்கூர்ப் படையிலேயே பணியாற்றிய டச்சுத் தளபதி டிலனாய்தான் அவருக்கு, குற்றமின்றியே எல்லாம் இழந்து துன்புற்ற யோபுவின் விவிலியக் கதையைச் சொன்னார் என்பார்கள். ஏழு நாள் வாய் பேசாமல் கூடவே அமர்ந்திருந்த நண்பர்கள், பேசத் தொடங்கியதும் யோபுவைக் குற்றவாளி என்கிறார்கள். அவரோ அவர்களை விட்டுவிட்டுக் கடவுளிடமே வழக்காடுகிறார்.

1749இல் கைதான தேவசகாயத்தை எருமையின் மேல் பின்பக்கம் பார்த்தபடி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர் பட்ட அடிகளைவிட இதுவே எனக்குக் கடுமையாகப் படுகிறது. நேற்றுவரை எழுந்து நின்று வணங்கியவர்களின் முன்னால் ஒருவரை நகைப்புக்கு உரியவராக்கவென்றே யோசித்துச் செய்த தண்டனை அது. பின்னோக்கி அமர்ந்தவருக்குப் போகிற வழி தெரியாது. பின்னால் சிரித்துக்கொண்டு வருகிறவர்களின் முகங்கள் மட்டும் தெரியும். ஏறக்குறைய மூன்றாண்டுச் சிறைவாழ்வில் ஒருநாளாவது கிறிஸ்தவ விசுவாசத்தை விட்டு மனம் மாறியிருந்தால் பழைய மதிப்பு திரும்பியிருக்கக்கூடும், அவர் மாறவில்லை.

அவர் உயிர்விட்டபோது பெயர்ந்து விழுந்து மணிபோல ஒலித்தது என்று மரபு சொல்லும் மணியடிச்சான் பாறை அங்கே இருக்கிறது. கல்லால் தட்டினால் இன்றும் வெண்கல ஓசை எழும். நானும் தட்டினேன். ஓசை எழுந்த மறுகணம், யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்! வெட்கமாகிவிட்டது. பின்னால் நின்ற பாட்டியம்மா கல்லுக்காகக் கை நீட்டினார். வாங்கியவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை தட்டி, சிலுவை அடையாளம் வரைந்து, எவரையும் பாராமல் இறங்கிப் போனார்.

மாலையில் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்துக்கு வந்து, தேவசகாயத்தின் கல்லறை முன் முழந்தாளிட்டேன். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அதற்குள் 270 ஆண்டுகள் கடந்திருந்தன; தம்மைப் பழித்தவர்களோ புகழப்போகிறவர்களோ அவருக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியாது. எனக்கு என் திருமுழுக்கு நினைவுக்கு வந்தது. பாடத் தெரியாத கைக்குழந்தையாகத் தொட்டியருகே என்னைத் தூக்கிப் பிடித்திருந்த அன்றே இறைவன் என்னைத் தம் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். அதன்பின் நான் பாடிய எந்தப் பாட்டும் அதைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வெகுநாள் கழித்து நெஞ்சுக்குள் ஓர் அமைதி இறங்கி உட்கார்ந்தது.

மாலைத் திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று, என் குரல் எனக்கே தனியாகக் கேட்காதபடி எல்லாரோடும் சேர்ந்து பாடினேன். வெளியே வரும்போது படியருகே கால்கள் பழக்கத்தால் ஒரு கணம் தயங்கின. பிறகு கடைசிப் பேருந்து நினைவுக்கு வர, வேகமாக நடந்தேன்.