மூன்று பூச்சில் ஒரு வண்ணப்படம்

பிப்ரவரி 6

கோந்தும் நிறமியும் கலந்து தாளில் பூசி வெயிலில் அச்சிடும் கம் அச்சு முறையில் ஒரு வண்ணப்படம் செய்து பார்க்கிறேன். முறத்தில் கிடக்கும் தக்காளி, பச்சை மிளகாய் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலச் சானல்களாக, மூன்று நெகட்டிவ்களாகப் பிரித்து இங்க்ஜெட்டில் ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில்) அச்சடித்தாயிற்று. சிவப்புச் சானல் நெகட்டிவ் நீலப் (சயான்) பூச்சுக்கு, பச்சைச் சானல் மெஜந்தாவுக்கு, நீலச் சானல் மஞ்சளுக்கு. 1861இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் காட்டிய ரிப்பன் வண்ணப்படமும் இதே பிரிப்புதான். ஆனால் அவர் மூன்று நிற ஒளியைத் திரையில் ஒன்றாக விழவைத்தார். தாளில் எதிர்நிறங்கள்தான் வேலைக்கு ஆகும்.

பருத்தித் தாளை வெந்நீரில் ஊறவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். சுருங்குவதெல்லாம் இப்போதே சுருங்கிவிடட்டும். பிறகு சுருங்கினால் அடுத்த நெகட்டிவ் பொருந்தாது. காய்ந்ததும் ஜெலட்டின் பூச வேண்டும்.

பிப்ரவரி 8

நீலத்துக்கு சயனோடைப், அதாவது வெயில் பட்டால் நீலமாகும் பூச்சு. விஞ்ஞானி ஜான் ஹெர்ஷெல் 1842இல் கண்டுபிடித்த அதே இரும்பு உப்புக் கரைசல்தான். ஒரு கோந்துப் பூச்சு மிச்சம், நீலமும் அழுத்தமாக வரும். கழுவி முடித்தபோது மிளகாய் கருநீலம், தக்காளி கிட்டத்தட்ட வெள்ளை. சரியாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9

மெஜந்தா. கம் அரபிக் கோந்தில் வாட்டர்கலர் டியூபிலிருந்து குயினாக்ரிடோன் மெஜந்தா நிறமி, அதோடு வெயிலில் கோந்தை இறுகவைக்கும் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல். டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் சமாசாரம். கையுறை இல்லாமல் தொடவே கூடாது, கழிவை சாக்கடையில் ஊற்றவும் கூடாது. புழுக்கத்தில் இந்தப் பூச்சு இருட்டிலேயே இறுகத் தொடங்கும். அதனால் காய்ந்த கையோடு வெயிலில் வைத்துவிட்டேன்.

வெயில் பட்ட கோந்து தாளைப் பிடித்துக்கொள்ளும், படாதது தண்ணீரில் கரையும். தாளைக் கவிழ்த்து மிதக்கவிட்டால் ரோஜா நிறம் இழை இழையாக இறங்குகிறது. மிளகாய்க் காம்பில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரத் தூரிகையால் லேசாகத் தட்டியதும் போய்விட்டது. மொத்தப் படமும் இப்போது கத்தரிப்பூ நிறம். இந்தக் கட்டத்தில் பார்ப்பவர்கள் வெறுத்துப் போவார்கள்.

பிப்ரவரி 11

மஞ்சள். மிளகாய் பச்சையானது, தக்காளி சிவந்தது. முறத்துக்கு அடியில் இருந்த நிழல் ஊதாவை விட்டுக் கறுப்புப் பக்கம் நகர்ந்தது. மஞ்சளை முதலில் போடுபவர்களும் உண்டு. நிறமி ஒளிபுகாத வகையாக இருந்தால் அதுதான் சரி. என்னுடையது தெளிவான மஞ்சள் என்பதால் கடைசியில் போட்டேன்.

மூலைகளில் ஊசித்துளை வைத்துப் பொருத்தியும் முறத்தின் இடது விளிம்பில் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு. கம் அச்சில் விலகலும் ஓர் அழகு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதைவிடப் பெரிய தலைவலி சாம்பல் நிறம். தக்காளிச் சிவப்பு எப்படியும் வந்துவிடும். பின்னாலிருக்கும் சிமெண்ட் சுவர் இன்னும் பச்சையடிக்கிறது. இன்னொரு மெஜந்தா பூச்சு, நிறமியைப் பாதியாகக் குறைத்து. வெயில் வந்தால் நாளைக்கே.